பிச்சைக்கு உதவாத கைகள்

வேலூரில் தொழுநோயாளிகளின் மடங்கிப்போன விரல்களை ஆபரேஷன் செய்து நிமிர்த்த ஆரம்பித்த புதிது. 1940களின் கடைசி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பகால நோயாளிகளில் ஒருவர், கை சரியாகி சந்தோஷமாக வீட்டுக்குப் போனவர், கொஞ்ச நாளில் திரும்பி வந்து நின்றார். ஆள் இளைத்துப் போயிருந்தார். அவர் டாக்டரிடம் சொன்ன புகாரின் சாரம் இதுதான்: நீங்கள் கொடுத்த கை பிச்சை எடுக்க லாயக்கில்லை.

யோசித்துப் பார்த்தால் புகார் நியாயமானது. முன்பு விரல்கள் மடங்கி, புண்ணோடு இருந்த கையை நீட்டினால் நாலு பேர் இரக்கப்பட்டுக் காசு போடுவார்கள். இப்போது விரல்கள் நேராக இருக்கின்றன. அதனால் காசு விழவில்லை. சரி, வேலை தேடலாம் என்று போனால் முகத்திலும் தோலிலும் இருக்கும் தடயத்தைப் பார்த்துவிட்டு யாரும் வேலை தரவில்லை, வாடகைக்கு இடமும் தரவில்லை. மனிதருக்கு இருந்த ஒரே வருமானத்தையும் மருத்துவம் பிடுங்கிவிட்டது.

அந்த டாக்டர் பால் பிராண்ட். தொழுநோய் மருத்துவ வரலாற்றில் பெரிய பெயர். அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பலரும் புனிதர் கதை மாதிரி எழுதிவிடுகிறார்கள். எனக்கு அவரிடம் பிடித்ததே இந்தப் புகார்க் கதையை அவர் மறைக்காமல் சொல்லிக்கொண்டே இருந்ததுதான். கிறிஸ்தவ நம்பிக்கையால் ஒருவர் மற்றவர்களுக்கு நம்பிக்கையாக இருப்பது என்று பொதுவாகச் சொல்கிறோமே, அது தரையில் எப்படி நடக்கிறது, எங்கே இடறுகிறது என்று பார்க்க வேலூரை விட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

(சின்ன மொழிக் குறிப்பு. தமிழில் நமக்கு ‘நம்பிக்கை’ என்ற ஒரே சொல் எல்லா வேலையும் செய்கிறது. கடவுள் நம்பிக்கையும் அதுதான், நாளைக்கு விடியும் என்ற நம்பிக்கையும் அதுதான், கடன் கொடுக்கும்போது வைக்கிற நம்பிக்கையும் அதுதான். தமிழ் பைபிளை மொழிபெயர்த்தவர்கள் இதில் சிக்கி, கடவுள் மேல் வைப்பதற்கு ‘விசுவாசம்’, எதிர்காலத்தின் மேல் வைப்பதற்கு ‘நம்பிக்கை’ என்று பிரித்துக்கொண்டார்கள். இந்தக் கட்டுரையில் நானும் அப்படியே பிரித்துக்கொள்கிறேன். முதல் வகையில் கதை தொடங்கி இரண்டாவது வகையில் போய் முடிகிறதா என்பதுதான் கேள்வி.)

முதலில் அந்தக் காலத்து நிலவரம். தொழுநோய்க் கிருமியை நார்வேக்காரர் ஹான்சன் 1873லேயே கண்டுபிடித்துவிட்டார். ஆனால் உருப்படியான மருந்து வர இன்னும் எழுபது வருஷம் ஆனது. 1940களில்தான் டாப்சோன் போன்ற சல்போன் மருந்துகள் வந்தன. அதுவரைக்கும் ஒதுக்கி வைப்பதுதான் வைத்தியம். 1898ஆம் வருஷத்து தொழுநோயாளர் சட்டம், பிச்சையெடுக்கும் நோயாளிகளைப் பிடித்து அடைக்க அரசுக்கு அதிகாரம் கொடுத்தது. ஒதுக்குவதில் சர்ச்சுக்கும் பங்கு உண்டு, அதையும் சொல்லிவிட வேண்டும். இடைக்கால ஐரோப்பாவில் சில இடங்களில் தொழுநோயாளியை உயிரோடு இருக்கும்போதே இறந்தவராக பாவித்து, பாதிரியாரே சடங்கு செய்து ஊருக்கு வெளியே அனுப்பியிருக்கிறார்கள். ஏசு தொழுநோயாளியைத் தொட்டார் என்று வாசித்துக்கொண்டிருந்த அதே சர்ச்சுகள்தான்.

செங்கல்பட்டுக்குப் பக்கத்தில் திருமணி என்று ஒரு ஊர். அங்கே லேடி வில்லிங்டன் தொழுநோய் மருத்துவமனை இருந்தது. அங்கே ராபர்ட் காக்ரேன் என்ற தோல்நோய் நிபுணர் இருந்தார். சல்போன் மருந்தை இந்தியாவில் முதலில் பயன்படுத்திப் பார்த்தவர்களில் ஒருவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கும் அப்போது அவர்தான் பொறுப்பு. பிராண்டை லண்டனிலிருந்து வேலூருக்கு இழுத்து வந்ததும் அவர்தான். பிராண்ட் 1946 கடைசியில் வந்து சேர்ந்தார், எலும்பு அறுவை மருத்துவராக. தொழுநோய்க்கும் அவருக்கும் அப்போது ஒரு சம்பந்தமும் கிடையாது.

1947ல் திருமணியைச் சுற்றிப் பார்க்கப் போனார். காக்ரேன் உற்சாகமாகத் தோலில் இருக்கும் திட்டுக்களைக் காட்டிக்கொண்டு வருகிறார். பிராண்டின் கண் முழுக்க நோயாளிகளின் கைகள் மேலேயே இருக்கிறது. விரல்கள் ஏன் இப்படி மடங்குகின்றன, எப்படிக் குட்டையாகின்றன என்று கேட்கிறார். காக்ரேனின் பதில்: நான் தோல் டாக்டர், எலும்பு டாக்டர் நீங்கள்தானே, நீங்கள் சொல்லுங்கள். உலகத்தில் அத்தனை லட்சம் பேருக்கு இருந்த நோய். கையும் காலும் போவதுதான் அதன் அடையாளமே. ஆனாலும் எலும்பு அறுவை மருத்துவர்கள் அதுவரை அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. போலியோவுக்கும் விபத்துக்கும் ஆபரேஷன் உண்டு, இதற்குக் கிடையாது. ஏனென்றால் ‘கெட்ட சதை’, தைத்தால் சேராது என்று எல்லாரும் நம்பினார்கள். யாரும் தைத்துப் பார்க்கவில்லை என்பதுதான் விஷயம்.

அங்கே இருந்த ஒரு இளைஞரின் மடங்கிய கைக்குள் தன் கையை வைத்து, அழுத்துங்கள் என்றார் பிராண்ட். விரல்கள் ஆணி மாதிரி இறங்கின. வலி தாங்க முடியவில்லை. செத்துப்போனதாக எல்லாரும் நினைத்த கையில் அவ்வளவு பலம்! அந்த வலிதான் தனக்குக் கிடைத்த முதல் தடயம் என்று பிராண்ட் பிற்பாடு பல தடவை சொல்லியிருக்கிறார். கையை மூடும் தசை நன்றாக இருக்கிறது, திறக்கிற தசைதான் போய்விட்டது. அப்படியானால் எல்லாம் அழியவில்லை, ஏதோ சில குறிப்பிட்ட இடங்களில்தான் கோளாறு.

இதற்கப்புறம் நடந்தது எங்களைப் போன்ற ஆட்களுக்கு ரொம்பப் பழக்கமான வேலை. எந்த இடத்தில் லைன் அறுந்திருக்கிறது என்று தேடுவது. நோயாளி ஒருவர் இறந்தபோது, ராத்திரியோடு ராத்திரியாக பிராண்ட் தன் குழுவோடு திருமணிக்கு ஓடிப்போய் நரம்புகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துப் பார்த்தார். நரம்பு எல்லா இடத்திலும் வீங்கவில்லை. தோலுக்கு அருகில் வருகிற இடங்களில் மட்டும் வீங்கியிருந்தது. முழங்கையில் இடித்துக்கொண்டால் சுரீர் என்று ஷாக் அடிக்குமே, அந்த இடம். மணிக்கட்டு. முழங்காலுக்குப் பக்கத்தில். கிருமிக்கு உடம்பின் குளிர்ச்சியான பகுதி பிடிக்கும், அதனால் தோலுக்குப் பக்கத்தில் ஓடும் நரம்பைத் தாக்குகிறது. அந்த இடத்துக்கு முன்னாலேயே கிளை பிரிந்துவிடும் நரம்பு தப்பிக்கிறது. அது இயக்கும் முன்கைத் தசைகளும் தப்பிக்கின்றன. அந்த இடத்துக்குக் கீழே இருக்கும் சின்னத் தசைகள் செயலிழக்கின்றன. எந்தத் தசை போகும், எது போகாது என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

சொல்ல முடிந்தால் சரிசெய்யவும் முடியும். நல்ல தசை ஒன்றின் தசைநாணை எடுத்து, கைக்குள்ளே புது வழியில் கொண்டுபோய், செயலிழந்த தசை செய்த வேலைக்கு மாற்றிப் பொருத்தினார்கள். தையல் மற்றவர்களுக்குச் சேர்வது போலவே சேர்ந்தது. ‘கெட்ட சதை’ என்று ஒன்று இல்லவே இல்லை. ஆனால் ஆபரேஷனோடு முடியாது. மூளைக்குப் புது வயரிங் பழக வேண்டும். மோதிர விரலை மடக்கு என்று நினைத்தால் வேறெதுவோ நிமிரும். வாரக்கணக்கில் பயிற்சி.

இன்னொரு புதிர் மிச்சம் இருந்தது. விரல்கள் ஏன் காணாமல் போகின்றன? தொழுநோய் வந்தால் விரல் அழுகி உதிரும் என்றுதான் இன்றும் பாதிப்பேர் நினைக்கிறோம். ஒரு நாள் துருப்பிடித்த பூட்டு ஒன்று பிராண்டுக்குத் திறக்கவில்லை. ஒரு நோயாளிப் பையன் வந்து சாவியைச் சட்டென்று திருப்பிவிட்டுப் போகிறான். இவ்வளவு பலமா என்று அவன் கையைப் பிடித்துப் பார்த்தால் விரல் எலும்பு தெரியக் கிழிந்திருக்கிறது. அவனுக்குத் தெரியவே இல்லை. வலி இல்லை! அன்றிலிருந்து நோயாளிகளின் ஒவ்வொரு காயத்துக்கும் காரணம் தேட ஆரம்பித்தார்கள். அடுப்பிலிருந்து சூடான பாத்திரத்தை எடுத்தது, சுத்தியல் பிடி உரசியது, செருப்பு ஆணி குத்தியது. எல்லாக் காயத்துக்கும் காரணம் கிடைத்தது, சிலவற்றைத் தவிர. ராத்திரி படுக்கும்போது இருந்த விரல் நுனி காலையில் இருக்காது. கடைசியில் ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்து பார்த்தார்கள். எலி. தூங்குகிறவரின் விரலை எலி கடிக்கிறது, அவர் கையை இழுத்துக்கொள்வதில்லை, ஏனென்றால் அவருக்கு வலிக்கவில்லை.

அதற்குப் பிறகு சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிற ஒவ்வொருவர் கையிலும் ஒரு பூனையைக் கொடுத்து அனுப்பினார்கள். மருத்துவ வரலாற்றில் எனக்குத் தெரிந்து மிகச் சிறந்த மருந்துச்சீட்டு இதுதான்.

நோய் விரலைத் தின்பதில்லை. வலியைப் பறிக்கிறது, மீதியை அன்றாட வாழ்க்கை பார்த்துக்கொள்கிறது. மானிட்டரிங், அலர்ட் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு சர்வரை ஓட்டுகிற மாதிரி. ஒரு நாள் போய்ப் பார்த்தால் டிஸ்க் முழுக்க எரிந்திருக்கும். என் அப்பாவுக்குச் சர்க்கரை நோயால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தபோது டாக்டர் எழுதிக் கொடுத்தது எம்.சி.ஆர். செருப்பு. மெத்தென்ற ரப்பர் அடிப்பாகம் வைத்தது. அந்த ரப்பரின் கதையைத் தேடிக்கொண்டு போனதில்தான் வேலூருக்கும், 1955ல் காட்பாடிக்குப் பக்கத்தில் கரிகிரியில் தொடங்கிய தொழுநோய் ஆராய்ச்சி மருத்துவமனைக்கும் போய்ச் சேர்ந்தேன். உணர்ச்சியில்லாத காலுக்கு என்ன செருப்பு என்று அங்கே மண்டையை உடைத்துக்கொண்டவர்களுக்குத்தான் என் அப்பா கடன்பட்டிருக்கிறார். அவருக்கு இது தெரியாது, சொன்னாலும் ‘முன்னூறு ரூபா செருப்புக்கு இவ்வளவு வரலாறா’ என்பார்.

சரி, புகாருக்கு வருவோம்.

பிச்சை எடுக்க உதவாத கை என்று ஒருவர் வந்து நின்றதும், பிராண்டுக்குத் தன் வேலை பாதியில் நிற்கிறது என்று புரிந்தது. ஆபரேஷன் வெற்றி, ஆள் பட்டினி. கையைக் கொடுத்தால் போதாது, அதை வைத்துச் செய்ய ஒரு தொழில் வேண்டும். ஒரு வயதான மிஷனரி அம்மா தன் சேமிப்பை எடுத்துக் கொடுக்க, 1950களின் தொடக்கத்தில் வேலூர் மருத்துவக் கல்லூரி வளாகத்தை ஒட்டி ‘நவஜீவ நிலையம்’ ஆரம்பமானது. கிராமத்து வீடு மாதிரியே குடிசைகள். இதில் ஒரு கணக்கு இருக்கிறது. நோயாளி எந்த மாதிரி வீட்டுக்குத் திரும்பிப் போகப்போகிறாரோ அதே மாதிரி வீட்டில் இருந்து பழக வேண்டும், அப்போதுதான் எங்கே காயம் படும் என்று தெரியும். தச்சு வேலை கற்றுக் கொடுத்தார்கள். மரப்பொம்மை செய்தார்கள். பிராண்டுக்கே லண்டனில் மருத்துவத்துக்கு முன்னால் கட்டிட வேலையும் தச்சும் கற்ற அனுபவம் உண்டு. அந்த வருஷங்கள் வீண் என்று நினைத்திருந்தாராம்.

இவ்வளவுக்கும் விசுவாசத்துக்கும் என்ன சம்பந்தம், ஒரு நாத்திக டாக்டர் இதைச் செய்ய மாட்டாரா என்று நீங்கள் கேட்கலாம். நான் சர்ச்சுக்குப் போகிற ஆள் இல்லை. இந்தக் கேள்வியை நானும் கேட்டுக்கொண்டேன். செய்திருக்கலாம், தடையில்லை. ஆனால் செய்தவரை எது அங்கே கொண்டுவந்து நிறுத்தியது என்று பார்த்தால், வழி நேராகக் கொல்லிமலைக்குப் போகிறது.

பிராண்ட் பிறந்ததே கொல்லிமலையில்தான், 1914ல். அப்பா ஜெஸ்ஸி பிராண்ட், அம்மா ஈவ்லின். லண்டனில் வசதியான வீட்டுப் பெண் ஈவ்லின். சேந்தமங்கலத்தில் 1913ல் கல்யாணம், முடிந்த கையோடு மழையில் நனைந்துகொண்டே மலையேறினார்கள். வருஷக்கணக்கில் மலையில் ஒருவர்கூட மதம் மாறவில்லை. ஜெஸ்ஸி மருந்து கொடுத்தார், பல் பிடுங்கினார், தச்சு சொல்லிக் கொடுத்தார், கடன்காரர்களிடமிருந்து மலைமக்களைக் காப்பாற்ற அலைந்தார். நரம்புச் சிலந்திப் புழு பரவாமலிருக்கக் கிணற்றில் கால் வைத்து இறங்காதபடி சுவர் எழுப்ப வைத்தார். அவர்களைக் கடுமையாக எதிர்த்த பூசாரி ஒருவர் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, ஊரில் யாரும் அருகே வரவில்லை, இவர்கள் போனார்கள். அவர் தன் பிள்ளைகளை இவர்களிடம் ஒப்படைத்துவிட்டுச் செத்துப்போனார். அதற்கு அப்புறம்தான் மலையில் ஒரு சின்ன சபை உருவானது.

பால் ஒன்பது வயதில் படிப்புக்காக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டான். 1929ல் ஜெஸ்ஸி கருநீர்க் காய்ச்சலில் இறந்தார், மலேரியாவின் மோசமான வடிவம் அது. தந்தி வந்துவிட்டது, ஆனால் கப்பலில் மெதுவாக வந்துகொண்டிருந்த அப்பாவின் கடைசிக் கடிதம் அதற்கு அப்புறம்தான் பையன் கைக்குக் கிடைத்தது.

ஈவ்லின் கதை இன்னும் வேடிக்கை. கிட்டத்தட்ட எழுபது வயதை எட்டும்போது, வயசாகிவிட்டது, இனி அனுப்ப முடியாது என்று மிஷன் சொன்னது. கெஞ்சிக் கூத்தாடி ஒரு தவணைக்கு மட்டும் அனுமதி வாங்கினார். தவணை முடிந்து விடைபெறும் நாளில், வேலையை விட்டு விலகுகிறேன், இனி நீங்கள் என்னைக் கட்டுப்படுத்த முடியாது என்று சொல்லிவிட்டு மலைக்கே போய்விட்டார். மட்டக்குதிரையில் கொல்லிமலை, கல்வராயன்மலை என்று சுற்றினார். விழுந்து எலும்பு முறிந்தது, இரண்டு மூங்கில் கம்பை ஊன்றிக்கொண்டு நடந்தார். கடைசி இருபது வருஷம் வீட்டில் கண்ணாடியே வைத்துக்கொள்ளவில்லை என்று மகன் சொல்கிறார். 1974ல் 95 வயதில் இறந்து, மலையில் கணவர் பக்கத்திலேயே புதைக்கப்பட்டார். மலைமக்களுக்கு அவர் பாட்டி.

இங்கே ஒரு எச்சரிக்கை. இந்தக் கதைகளில் பெரும்பகுதி பிராண்டே எழுதியவை அல்லது டோரதி கிளார்க் வில்சன் என்ற அமெரிக்க எழுத்தாளர் எழுதியவை. வேலூர் மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடர், பால் பிராண்ட், ஈவ்லின், கீழே வரப்போகும் மேரி வர்கீஸ், நாலு பேர் வாழ்க்கையையும் எழுதியது ஒரே ஆள். சர்ச் வாசகர்களுக்காக எழுதப்பட்டவை. அதில் மிஷனரிகள் மட்டும் தெளிவாகத் தெரிவார்கள்; கூட இருந்த கம்பவுண்டர், நர்ஸ், சமையல்காரர், மூட்டை தூக்கி மலையேறியவர் எல்லாம் மங்கலாக இருப்பார்கள். கைக்குள் கையை வைத்து அழுத்தச் சொன்னபோது அந்த இளைஞர் என்ன நினைத்தார் என்று எங்கேயும் இல்லை.

இதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் அடுத்த சம்பவத்தைச் சொல்கிறேன். ஒரு தடவை நோயாளிகளின் ஜெபக் கூட்டத்தில் பிராண்டைப் பேசச் சொன்னார்கள். தயார் செய்துகொண்டு வரவில்லை. எதிரே பார்த்தால் எல்லாரும் கையை மறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், சேலைத் தலைப்புக்குள், துண்டுக்குள், உட்கார்ந்திருக்கும் காலுக்கு அடியில். நான் கை டாக்டர் என்று ஆரம்பித்தார். ஒருவர் கையைப் பார்த்தால் அவர் என்ன தொழில் செய்தார் என்று சொல்ல முடியும். ஏசுவின் கைகளை எனக்குப் பார்க்க ஆசை. பையனாக இருந்தபோது அப்பாவிடம் தச்சு பழகிய கை, காய்த்து, அங்கங்கே வெட்டுப்பட்டிருக்கும். அப்புறம் நோயாளிகளைத் தொட்ட கை. கடைசியாகச் சிலுவையில் ஆணி அடித்த கை. ஆணி அந்த இடத்தில் இறங்கினால் நரம்பு அறுபட்டு விரல்கள் மடங்கிக்கொள்ளும் என்று ஒரு கை டாக்டராகத் தனக்குத் தெரியும் என்றார். அதாவது உங்கள் கை மாதிரியேதான் அவர் கையும் இருந்திருக்கும். உயிர்த்தெழுந்த பிறகும் அந்தத் தழும்பு இருந்தது, சீடர்களுக்குக் காட்டினார்.

பேசி முடித்ததும் எல்லாரும் கைகூப்பினார்கள். வழக்கமாக மறைத்து மறைத்துக் கும்பிடுகிறவர்கள், அன்றைக்குக் குட்டை விரல்களும் மொட்டைக் கைகளும் தெரியத் தெரிய உயர்த்திக் கும்பிட்டார்கள்.

நான் மத விஷயங்களில் சந்தேகப் பிராணி. இருந்தாலும் இந்த இடத்தில் விசுவாசம் ஒரு குறிப்பிட்ட வேலையைச் செய்கிறது என்று ஒத்துக்கொள்கிறேன். ஆறுதல் சொல்வது, எல்லாம் சரியாகிவிடும் என்பது, அதெல்லாம் யாரும் செய்யலாம். உன் கையும் நீ கும்பிடும் கடவுளின் கையும் ஒரே மாதிரி என்று சொல்ல அந்தக் கதை தேவைப்படுகிறது. தழும்புள்ள கடவுள் இல்லாமல் அந்தப் பேச்சு இல்லை.

இனி மேரி வர்கீஸ். பிராண்டை விட இவர் கதைதான் எனக்கு முக்கியம். ஆனால் பிராண்ட் அளவுக்கு இவரை வெளியே தெரியாது.

மேரி கேரளத்துக் கிறிஸ்தவக் குடும்பம். 1925ல் பிறந்தவர். வேலூரில் எம்.பி.பி.எஸ். முடித்து, மகப்பேறு மருத்துவத்தில் பயிற்சியில் இருந்தார். 1954 ஜனவரியில் சக மருத்துவர்களோடு உல்லாசப் பயணம் போன வண்டி, முன்னால் போன பஸ்ஸை முந்தப் பார்த்து உருண்டது. முகத்தில் ஆழமான வெட்டு. முதுகுத்தண்டு போய்விட்டது. இடுப்புக்குக் கீழே எதுவும் இல்லை. வயது 28.

அந்தக் காலத்தில் முதுகுத்தண்டு முறிந்தவர்களுக்கு இந்தியாவில் ‘மறுவாழ்வு’ என்று ஒரு துறையே இல்லை. படுக்கைப் புண்ணும் சிறுநீர்த் தொற்றும் வந்து சில மாதங்களில் போய்விடுவார்கள், இல்லையென்றால் வீட்டின் ஒரு மூலையில் கிடப்பார்கள். மேரிக்கு மருத்துவமனையே வீடு என்பதால் தப்பினார். ஆனால் டாக்டராக இருந்தவர் நோயாளியாகவே கிடக்க வேண்டியதுதானா? பிராண்ட் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து ஒரு யோசனை சொன்னார்: தொழுநோயாளிகளுக்குக் கை ஆபரேஷன் செய்யேன்.

முதலில் கேட்டால் விபரீதமாகத்தான் இருக்கும். ஆனால் யோசனைக்குப் பின்னால் எளிமையான தர்க்கம் இருக்கிறது. வயிற்று ஆபரேஷன் நின்றுகொண்டு செய்ய வேண்டும். பிரசவம் பார்க்கவும் நிற்க வேண்டும். கை ஆபரேஷன் செய்கிற டாக்டர்கள் எப்போதுமே உட்கார்ந்துதான் செய்வார்கள். நோயாளியின் கை பக்கத்து மேசையில் நீட்டியிருக்கும். சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு இங்கே எந்தக் குறையும் இல்லை. முடியாததைப் பட்டியல் போடாமல், இருக்கிறதை வைத்து என்ன முடியும் என்று பார்ப்பது. செயலிழந்த தசையை விட்டுவிட்டு வேலை செய்கிற தசையை வேறு இடத்தில் பொருத்துகிற மனிதருக்கு இந்த யோசனை வந்ததில் ஆச்சரியமில்லை.

மேரி கற்றுக்கொண்டார். சக்கர நாற்காலியில் ஆபரேஷன் தியேட்டருக்கு வந்தார், செய்தார். தொழுநோய் வார்டில் அவர் நாற்காலி உருண்டு வரும்போது நோயாளிகள் பார்த்தது என்னவாக இருக்கும்? முகத்தில் தழும்போடு, தங்களை விட மோசமாக அடிபட்ட ஒரு பெண். அவருக்குக் கால் இல்லை, இவர்களுக்குக் கால் இருக்கிறது. அவர் தங்கள் கையைச் சரிசெய்கிறார். ஒரு வார்த்தை பேச வேண்டிய அவசியமில்லை. பிராண்ட் என்னதான் தமிழ் மண்ணில் பிறந்தாலும் வெள்ளைக்காரர், ஆரோக்கியமானவர், மேலேயிருந்து குனிந்து கை கொடுக்கிறவர். மேரி நோயாளியின் கண்மட்டத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

அவர் அதோடு நிற்கவில்லை. ஆஸ்திரேலியாவில் பெர்த்துக்குப் போய், அடுத்தவர் தயவில்லாமல் தானே எழுந்து உட்காரவும் உடுத்தவும் நகரவும் பயிற்சி எடுத்தார். அங்கே பார்த்தது அவரை உலுக்கியது. முதுகுத்தண்டு போனவர்கள் வேலைக்குப் போகிறார்கள், விளையாடுகிறார்கள். இது வேலூரில் ஏன் இல்லை? நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க்கிடம் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்தார். மறுவாழ்வு மருத்துவம் என்ற துறையையே உருவாக்கியவர்களில் ஒருவர் ரஸ்க். 1960களின் தொடக்கத்தில் திரும்பி வந்து வேலூரில் அந்தத் துறையைத் தொடங்கி நடத்தினார். 1966ல் பாகாயத்தில் படுக்கை வசதியோடு மறுவாழ்வு நிலையம் வந்தது, இந்தியாவில் அந்த மாதிரி வந்தவற்றில் முன்னோடி. 1972ல் பத்மஸ்ரீ. 1986ல் காலமானார்.

தென்னை மரத்திலிருந்து விழுந்தவர், கிணறு வெட்டும்போது மண் சரிந்தவர், மாட்டுவண்டி கவிழ்ந்தவர், லாரி அடித்தவர். நம்மூரில் முதுகுத்தண்டு உடைகிற விதங்கள் இவை. பெர்த்தில் கற்றதை அப்படியே காப்பி அடிக்க முடியாது. அங்கே வழுவழுப்பான நடைபாதை, மேற்கத்திய கழிப்பறை. இங்கே வாசற்படி, வரப்பு, குந்தி உட்காரும் கழிப்பிடம், தரையில் உட்கார்ந்து சாப்பாடு. திரும்பிப் போகப்போகிற வீட்டுக்கு ஏற்ற மாதிரி பழக்க வேண்டும் என்ற நவஜீவ நிலையத்துப் பாடம் இங்கேயும் தேவைப்பட்டது. வீட்டில் ஒருவரையும் கூட இருக்கவைத்துப் பழக்கினார்கள், ஏனென்றால் ஊருக்குப் போனால் படுக்கைப் புண் வராமல் பார்த்துக்கொள்ளப் போவது மனைவியோ தம்பியோதான்.

பிராண்ட் 1966ல் அமெரிக்காவில் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போய்விட்டார். அங்கே போய்த்தான் சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணும் இதே கதைதான் என்று எடுத்துச் சொன்னார். ரத்த ஓட்டம் இல்லை, புண் ஆறாது, காலை வெட்டு என்றிருந்த டாக்டர்களிடம், வலி தெரியாமல் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் மிதிப்பதுதான் பிரச்சினை, அழுத்தத்தை எடுத்தால் புண் ஆறும் என்று வாதாடினார். எத்தனை கால்கள் அதனால் தப்பின என்று எண்ண முடியாது. 2003ல் இறந்தார்.

சட்டம் ரொம்ப மெதுவாக நகர்ந்தது. கூட்டு மருந்துச் சிகிச்சை 1980களின் தொடக்கத்திலேயே வந்து, தொழுநோய் முழுக்கக் குணமாகிற நோயாகிவிட்டது. ஆனால் 1898ஆம் வருஷத்துச் சட்டம் ரத்தானது 2016ல். கணவனுக்கோ மனைவிக்கோ தொழுநோய் என்றால் விவாகரத்து கேட்கலாம் என்ற விதியை எடுத்தது 2019ல். இந்து திருமணச் சட்டத்தில் மட்டும் இருந்த விதி இல்லை அது. கிறிஸ்தவர்களுக்கான விவாகரத்துச் சட்டத்திலும் இருந்தது.

பாகாயத்தில் அந்த நிலையம் இன்றும் நடக்கிறது. இப்போது தொழுநோயாளிகளை விட பைக் விபத்துகளும் உயரத்திலிருந்து விழுந்தவர்களும்தான் அதிகம் வருகிற காலம். சக்கர நாற்காலியை எப்படித் தள்ளுவது, படியில் எப்படி இறங்குவது, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு எப்படி மாறுவது என்று காலையிலேயே வகுப்பு ஆரம்பித்துவிடும். நிலையத்தின் பெயர்ப்பலகையில் இருப்பது மேரி வர்கீஸின் பெயர்.